ஒன்பது வருஷத்துப் பெனால்டி

சிப்பித்துறைக்கு முதன்முறை வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் தங்கள் கடலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தங்கள் பெரிய மனிதர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். ஏடன் வரைக்கும் கப்பல் ஓட்டிய கப்பித்தான் மோத்தாவைச் சொல்வார்கள், மூன்று மாவட்டங்களில் நீதிபதியாக இருந்தும் விடுமுறைக்கு வந்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைவலை இழுத்த வாஸ் ஐயாவைச் சொல்வார்கள், காலரா வந்த வருஷம் நாற்பது நாள் கண் மூடாமல் இரண்டு தெருச் சனத்தைப் பிழைக்கவைத்த நர்ஸ் எமரென்சியம்மாளைச் சொல்வார்கள். எல்லோரையும் சொல்லி முடித்த பிறகும் கேட்கிறவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தின் பக்கம் கையை நீட்டி, குரலைக் கொஞ்சம் இறக்கி, அந்த மூன்று பேரின் கதையை ஆரம்பிப்பார்கள்.

கட்டுமரங்களில் பாதி மோட்டார் படகுகளாக மாறியிருந்த காலம் அது. சிப்பித்துறைக்கும் பக்கத்து ஊரான புன்னைமுனைக்கும் நடுவில், கரையிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், நடுப்பார் என்று ஒரு பார் இருந்தது. கடலுக்கடியில் கிடக்கும் பெரிய பாறைத் திட்டு, சீலாவும் விளமீனும் கூட்டங்கூட்டமாக வந்து அடையும் இடம். அது யாருக்கு என்பதில் இரண்டு ஊருக்கும் சண்டை. வலைகளை அறுத்தார்கள், படகின் மேல் படகை ஏற்றினார்கள், புன்னைமுனையில் இரண்டு வீடுகள் எரிந்தன, சிப்பித்துறைத் தொம்மையின் அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு ஊருக்குள்ளும் கொள்வினை கொடுப்பினை நின்றது, சந்தையில் ஒருவர் கூடைக்குப் பக்கத்தில் இன்னொருவர் கூடையை வைப்பதும் நின்றது. கடைசியில் இரண்டு ஊர்ப் பங்குச் சாமியார்களும் சேர்ந்து, இரண்டு ஊருக்கும் உயிரான ஒரே விஷயத்தைக் கொண்டு இதைத் தீர்க்கலாம் என்று ஒரு கால்பந்து ஆட்டம் வைத்தார்கள். ஜெயிக்கிற ஊருக்குப் பார். சமமாக முடிந்தால் இரண்டு ஊருக்கும் பொது. ஆட்டம் முடிகிறவரை யாரும் அங்கே வலை போடக் கூடாது. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள்.

நடுவராக இரண்டு ஊரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் ஞானாதிக்கம் மச்சாது. சிப்பித்துறைப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். மெலிந்த, நெடிய மனிதர். தன் சொந்தப் பள்ளிக்கூடத்து அணியில் நாலு பேரை ஒரே ஆட்டத்தில் வெளியே அனுப்பி, தோற்ற பிள்ளைகளோடு சேர்ந்து தானும் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தவர். "எங்க ஊர்க்காரனைவிட அந்த ஊர் மச்சாது சார நாங்க நம்புதோம்" என்று புன்னைமுனைச் சாமியாரே சொன்னார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது சிப்பித்துறை இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. பெண்கள் குலவையிடத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அப்போது புன்னைமுனையின் கஸ்பார், இருபத்திரண்டு வயசு, பந்தோடு தனியாகக் கோலை நோக்கி ஓட, சிப்பித்துறையின் லெயோன் பின்னாலிருந்து பாய்ந்து அவனைச் சாய்த்தான். இந்த லெயோன் மச்சாதுவின் மனைவி சலேத்துவுக்கு உடன்பிறந்த தம்பி. பந்தைத்தான் தட்டினேன் என்று லெயோன் கையை விரித்துக்கொண்டு நின்றான். மச்சாது விசிலை ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

கஸ்பார் அடித்தான். சிப்பித்துறைக் கோல்கீப்பர் தொம்மை வலப்பக்கம் பாய்ந்து இரண்டு முஷ்டியாலும் பந்தைக் குத்தினான். பந்து நேராக மேலே போனது, கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போனது, கடற்காகம் பறக்கிற உயரத்தையும் தாண்டிப் போனது, ஒரு மிளகு அளவுக்குச் சிறுத்தது, பிறகு இறங்கி வரவில்லை.

கொஞ்ச நேரம் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். பிறகு கழுத்து வலித்தவர்கள் உட்கார்ந்தார்கள். சோடாக்காரர் மிச்சமிருந்ததை விற்றுத் தீர்த்தார். சூரியன் மேற்கே சாய்ந்தபோது ஊர்க் கமிட்டித் தலைவர் கொரேரா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்.

"சார், நேரம் முடிஞ்சு ஒரு மணிக்கூர் ஆச்சே. விசில அடிங்க."

"பெனால்டி அடிச்சா, அது முடியுற வரைக்கும் ஆட்டம் நீளும், தலைவரே. பந்து கோலுக்குள்ள போகணும், இல்லன்னா கோட்டுக்கு வெளிய போகணும், இல்லன்னா நிக்கணும். அதுதான் சட்டம்."

"அதான் நின்னுட்டே! மேல நிக்குல்லா!"

மச்சாது கப்பித்தான் வீட்டிலிருந்து தூரக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கொரேராவின் கையில் கொடுத்தார். பந்தின் தையல் மெல்ல, மிக மெல்ல, நகர்ந்துகொண்டிருந்தது.

"சுத்துது பாத்தியளா," என்றார் மச்சாது. "சுத்துற பந்து நின்ன பந்து இல்ல."

அப்படித்தான் அந்த மூன்று பேரும் மைதானத்தில் தங்கினார்கள். ஆட்டம் முடியாமல் நடுவர் வெளியே போக முடியாது என்பதால் மச்சாது தங்கினார். பந்து எந்த நேரமும் இறங்கலாம், இறங்கும்போது கோட்டில் ஆளில்லாவிட்டால் கோலாகிவிடும் என்பதால் தொம்மை தங்கினான். அடித்து முடித்துவிட்ட கஸ்பாருக்கு அங்கே வேலையில்லை. ஆனால் தான் போய்விட்டால் இந்த ஊர்க்காரர்கள் ஏதாவது செய்து ஆட்டத்தை முடித்துவிடுவார்கள் என்று தன் ஊருக்குச் சாட்சியாக அவனும் தங்கினான். பகையாளி ஊரில், சட்டையில் ஒன்பதாம் எண்ணோடு, கோலுக்குப் பன்னிரண்டு கஜம் தள்ளி மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

முதல் மாதம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வானிலை ஆராய்கிறவர்கள் இரண்டு பேர் கருவிகளோடு வந்து, அளந்து, தலையைச் சொறிந்துகொண்டு, சீலாமீன் கருவாடு வாங்கிக்கொண்டு போனார்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பந்து யாருடையது என்று கேட்டு மனு எழுதித்தரச் சொன்னார். இரண்டு சாமியார்களும் சேர்ந்து வாங்கிய பந்து என்றதும், கூட்டுச் சொத்து என்று குறித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து குறி பார்த்தபோது, மச்சாது ஓடிப்போய்க் குறுக்கே நின்று, "வெளியாள் பந்தத் தொட்டா பெனால்டிய திரும்ப அடிக்கணும்யா, சம்மதமா?" என்றார். பட்டாளத்துக்காரர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

பிறகு ஊர் அதற்குப் பழகிற்று. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், சாருக்கு எப்படியும் மைதானத்தில்தானே வேலை என்று, உடற்பயிற்சி வகுப்புகளை அங்கேயே நடத்தச் சொல்லிவிட்டார். ஆகவே மச்சாதுவுக்கு ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, கோட்டின் மேல் நிழல்கூட விழாதபடி, அவருக்கு ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். நடு மத்தியானத்தில் பந்தின் நிழல் ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பெனால்டி புள்ளியில் விழும். அதைப் பார்த்துத்தான் கருவாடு காயப்போட்ட பெண்கள் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். பால்குடிப் பிள்ளைகளின் சீர் நோய் தீர அந்த நிழலைப் பிள்ளையின் நெற்றியில் விழவைத்தார்கள்; சாமியார் அதை வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. கடலிலிருந்து திரும்புகிறவர்கள் கோபுரத்துச் சிலுவையையும் பந்தையும் ஒரு நேர்க்கோட்டில் வைத்துக் கரை பிடித்தார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற ஊராக இருந்திருந்தால் அதையும் பந்தை வைத்தே பார்த்திருப்பார்கள்.

ஆனால் நடுப்பார் சும்மா கிடந்தது. மீன்கள் அங்கே கொழுத்துப் பெருகுவது இரண்டு ஊருக்கும் தெரியும். இரண்டாவது வருஷம் மழையும் பொய்த்து, கரையோர மீனும் குறைந்தபோது, கமிட்டி முழுவதும் மைதானத்துக்கு வந்தது. இந்த முறை கொரேரா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மரியாதையாக நின்றார்.

"சார், ஒரே ஒரு விசில். நாமதான் ரெண்டு ஒண்ணுல முன்னால நிக்கோம். நீங்க ஊதினா பார் நம்ம புள்ளையளுக்கு. புன்னைமுனைக்காரன் என்ன சொல்லிருவான்? வானத்துல போயி காட்டுவானா?"

"தலைவரே, எனக்கும் வீட்டுல அடுப்பு எரியணும். எனக்கும் இந்த ஊர்தான்."

"அப்ப ஊதுங்க."

"பந்து சுத்துதே."

"எவன் கண்ணுக்குத் தெரியுது சார்!"

"என் கண்ணுக்குத் தெரியுதே," என்றார் மச்சாது, வேறெதுவும் சொல்ல முடியாதவரைப் போல.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து லெயோன் கத்தினான்: "அன்னைக்கு நான் பந்தைத்தான் தட்டினேன். இல்லாத பெனால்டியக் குடுத்து ஊரக் கெடுத்தவர் இவர். என் அக்காள் புருசன்னு சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலமே மச்சாது குடும்பத்தை ஊர் விலக்கிவைத்தது. சலேத்துவிடம் யாரும் பேசக் கூடாது, அவளுக்குக் கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, பொதுக் கிணற்றில் அவள் வாளியை இறக்கக் கூடாது. சலேத்து இரண்டு மைல் நடந்து பனங்காட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள். தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு தெரு நடுவிலேயே நடந்து மைதானத்துக்கு வந்தாள். அப்படி வந்த ஒரு நாள், சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க சொல்லுதது நெசந்தானா? சுத்துதா அது?"

மச்சாது தூரக்கண்ணாடியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் பாக்க வேண்டாம். நீங்க வாயால சொல்லுங்க."

"சுத்துது சலேத்து."

"அப்ப சரி. சாப்புடுங்க," என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு, வந்த வழியே தெரு நடுவில் நடந்து திரும்பினாள். அந்த நடையைப் பார்த்த பெண்கள் அப்புறம் பல வருஷம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இதற்கிடையில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போக முடியாத தொம்மை, கிழிந்த வலைகளைக் கோல் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண் மேலேயும் ஒரு கண் கையிலுமாக முடிந்துகொடுத்துப் பிழைத்தான். அண்ணனின் கையை வெட்டின ஊர்க்காரன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்பதால் முதல் ஏழு மாதம் அவன் கஸ்பாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் மாதம், ஒரு பெரிய வலையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் அவன் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பொறுக்க முடியாமல், கஸ்பார் எழுந்து வந்து அந்த முனையைப் பிடித்தான்.

"உன்னை யாரு கூப்புட்டா?" என்றான் தொம்மை.

"ஒருத்தரும் கூப்புடல. நீரு முடியுத முடிச்சு தப்பு வே. இதுல சீலா சிக்கும்னா நெனைக்கீரு? அறுத்துட்டுப் போயிரும்."

"ஒங்க ஊருல எப்படி முடிவிய?"

கஸ்பார் காட்டினான். தொம்மை பார்த்தான். அது நல்ல முடிச்சாக இருந்தது. சிப்பித்துறைக்காரன் எவனும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாத அளவுக்கு நல்ல முடிச்சு. இரண்டு ஊர் முடிச்சும் கலந்த அந்த வலைகள் கொஞ்ச காலத்தில் கடற்கரை நெடுகப் பேர் வாங்கின. தூரத்து மண்டபம் ஊரிலிருந்துகூட ஆட்கள் வலையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கோல் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வருஷம் மார்கழியில், யாரும் கண்டிராதபடி ஒரு மூடுபனி இறங்கிற்று. லெயோனும் அவனோடு நாலு பேரும் கடலில் இருந்தார்கள். திசை தெரியவில்லை, மோட்டாரில் டீசல் தீரப்போகிறது, பக்கத்தில் எங்கோ பாறையில் அலை உடைகிற சத்தம் கேட்கிறது. சிலுவை தெரியவில்லை, பனைகள் தெரியவில்லை, கரை என்று ஒன்று இருப்பதற்கே அடையாளமில்லை. பனிக்கு மேலே, தெளிந்த வானத்தில், பந்து மட்டும் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டு, அது தலைக்கு மேலே வருகிற வரை ஓட்டி, அடி மணலில் தட்ட வந்து சேர்ந்தார்கள்.

மற்ற நாலு பேரும் வீட்டுக்கு ஓடினார்கள். லெயோன் நனைந்த உடம்போடு நேராக மைதானத்துக்கு வந்தான். மச்சாது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கை வீசவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் லெயோன் சொன்னான்.

"அத்தான், நான் பந்தத் தொடவே இல்ல. அவன் காலத்தான் தட்டினேன்."

"தெரியும்டே," என்றார் மச்சாது.

"ஊருக்குத் தெரியணும்லா," என்று சொல்லிவிட்டு, அதே ஈரத்தோடு தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று லெயோன் அதையே சொன்னான். கடைசியாக அக்காள் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது அவனுக்குக் காய்ச்சல் வந்து பல் கிட்டியிருந்தது. சலேத்து அவனை உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டி, கன்னத்தில் ஓர் அறையும் கொடுத்து, கஞ்சியும் கொடுத்தாள். மறுநாள் அவள் பனங்காட்டுக்குப் புறப்பட்டபோது, கொரேராவின் மனைவியே பொதுக் கிணற்றில் இறைத்த இரண்டு குடம் தண்ணீரை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு யாரும் மச்சாதுவை விசில் ஊதச் சொல்லவில்லை. அவர் பந்து சுற்றுகிறது என்றால் சுற்றுகிறது. ஊரில் எல்லைத் தகராறு, பாகத் தகராறு, புருஷன் பெண்சாதித் தகராறு எதுவானாலும் எல்லைக்கோட்டுக்கு வந்து நின்று கேட்டார்கள். அவர் அண்ணாந்தபடியே கேட்டு, அண்ணாந்தபடியே தீர்ப்புச் சொன்னார். புன்னைமுனைக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது வருஷம் கஸ்பாருக்கும், தொம்மைக்குச் சோறு கொண்டுவந்துகொண்டிருந்த அவன் தங்கை பிரகாசிக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு நடந்த முதல் கல்யாணம். சாமியார் பெனால்டி புள்ளியில் நின்று கல்யாணத்தை ஆசீர்வதித்தார். தொம்மை தங்கையின் கல்யாணத்துக்குக்கூடக் கோட்டை விட்டு வரவில்லை. கையுறையோடு, மேலே பார்த்தபடி, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றான். கையில்லாத அவன் அண்ணன்தான் பிரகாசியைக் கூட்டிவந்து, இடது கையால் அவள் கையை எடுத்துக் கஸ்பாரின் கையில் வைத்தான். புன்னைமுனையிலிருந்து வந்த கஸ்பாரின் அம்மா அந்த வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கித் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் குடும்பத்தில் யார் வெட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வருஷம் பங்குனியில் பந்தின் நிழல் பெரிதாகத் தொடங்கிற்று. புளியங்கொட்டை அளவு எலுமிச்சங்காய் அளவாயிற்று, எலுமிச்சங்காய் தேங்காயாயிற்று. கருவாட்டுப் பெண்கள்தான் முதலில் கவனித்துச் சொன்னார்கள். பத்து நாளில் இரண்டு ஊரும் மைதானத்தைச் சுற்றிக் கூடிவிட்டன. சமையலும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. தொம்மைக்கு அப்போது வயசு முப்பத்தெட்டு. வலது முழங்கால் வீங்கியிருந்தது. காலையும் மாலையும் பிரகாசி எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

கஸ்பார் ஒரு நாள் வலையைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். எனக்காக விட்டுக்குடுக்கணும்னு நெனச்சீர்னா, உம்ம தங்கச்சியக் கூட்டிட்டு நான் ஊருக்குப் போயிருவேன். அப்புறம் உம்ம மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"விடுவேனாக்கும்!" என்றான் தொம்மை. "ஒன்பது வருசமா பொண்ணுகூடப் பாக்காம இந்தச் சனியனப் பாத்துட்டு நிக்கேன். விடுவேனா வே?"

"அப்படிச் சொல்லும்."

"நீ அடிச்ச அடி அப்படி. நான்தான் குத்தினேன். நானே புடிப்பேன்."

புனித வெள்ளி கழிந்த சனிக்கிழமை, சூரியன் உச்சியிலிருந்து சற்றே சாய்ந்த நேரத்தில், பந்து இறங்கிற்று. கடைசி ஐம்பதடி ஒரே விழுகையாக வந்தது. மச்சாது கோல் கோட்டின் முனையில் போய் நின்றுகொண்டார். கடற்காற்று பந்தைக் கம்பத்தின் பக்கமாகத் தள்ளியது. தொம்மை வீங்கின காலை ஊன்றி எழும்பினான். முப்பத்தெட்டு வயசுக்காரன் எழும்ப முடியாத உயரத்துக்கு எழும்பினான். பந்தை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மல்லாந்து விழுந்தான். சிப்பித்துறை எழுந்து ஆர்ப்பரித்தது. குலவைச் சத்தம் கோபுரத்தைத் தொட்டது. கஸ்பார்கூட இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான். அப்படியொரு பிடியை அவன் பார்த்ததில்லை.

மச்சாது விசிலை வாயில் வைத்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அது சத்தமிட்டது. அவர் கை மைதானத்தின் நடுவைக் காட்டிற்று.

கோல்.

சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கிய பிறகு கொரேரா மெதுவாக நடந்து வந்தார். அவருக்கு வயசாகியிருந்தது.

"சார். நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துட்டான் தலைவரே. பந்து முழுசும் உள்ள இருந்துச்சு. ஒரு சாண் உள்ள."

"ஒருத்தரும் பாக்கலியே சார்."

லெயோன் வாயைத் திறந்து மூடினான். அப்போது கோலுக்குள் விழுந்து கிடந்த தொம்மை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கம்பத்தில் கையூன்றி எழுந்து நின்றான். பந்து இன்னும் அவன் நெஞ்சோடு இருந்தது.

"சார் சொல்லுதது சரி," என்றான், இரண்டு ஊருக்கும் கேட்கும்படி. "புடிச்சுட்டு விழும்போது என் முதுகுல வலை தட்டுச்சு. வலை எங்க இருக்கு, கோடு எங்க இருக்கு? பந்து கோலுக்குள்ளதான் இருந்துச்சு. ரெண்டுக்கு ரெண்டு."

சொல்லிவிட்டு அவன் அழுதான். கஸ்பார் ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டான். மச்சாது நீளமாக, மூச்சு தீருகிற வரைக்கும், இறுதி விசிலை ஊதினார். முதலில் கைதட்டியது புன்னைமுனைக்காரர்கள் இல்லை. சலேத்துவின் வாசலில் அன்றைக்குத் தலைகுனிந்து நின்ற கொரேராவின் மனைவி. பிறகு தட்டாத கையே இல்லை, ஒற்றைக் கையால் தொடையில் தட்டின ஒருவனையும் சேர்த்து.

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை இரண்டு ஊர்ப் படகுகளும் ஒன்றாக நடுப்பாருக்குப் போயின. ஒன்பது வருஷம் யாரும் தொடாத மீன். படகுகளின் விளிம்பு தண்ணீரைத் தொட வந்து சேர்ந்தன. வருஷத்தில் மூன்று மாதம் பாருக்கு ஓய்வு கொடுப்பதென்று அப்போதே இரண்டு ஊரும் பேசிக்கொண்டன. சும்மா கிடந்தால் அது என்ன தருமென்று அவர்கள் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கும் அப்படியே நடக்கிறது.

ஆனால் ஊர்க்காரர்கள் இந்தக் கதையை அந்தச் செவ்வாய்க்கிழமையோடு முடிப்பதில்லை. சனிக்கிழமைச் சாயங்காலத்துக்குத் திரும்பி வருவார்கள். கூட்டம் கலைந்த பிறகு மச்சாது எல்லைக்கோட்டைத் தாண்டி, சலேத்துவோடு தெருவில் நடந்து வீட்டுக்குப் போனார். வழியில் இரண்டு பக்கமும் சனம் எழுந்து நின்றது. நேரே பார்த்து நடக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கழுத்து மேலேயே போயிற்று. சலேத்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் வந்ததும் அவர் துணிக்கொடியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இந்தச் சன்னல் எப்ப வெச்ச?"

"ஏழு வருசம் ஆச்சு."

"காத்து வரலையோ?"

"காத்துக்கு என்ன, கடலோரத்துல," என்றாள் சலேத்து, தட்டுகளை எடுத்துக்கொண்டே. "ஊருல ஒருத்தரும் பேசாம இருந்தாவல்லா. நானே கடப்பாரைய எடுத்து இடிச்சு வெச்சேன். இதுல நின்னு பாத்தா நீங்க நிக்குதது தெரியும்."

அவர் சன்னலுக்குப் போய் நின்றார். மைதானம் தெரிந்தது, சாய்ப்பு தெரிந்தது, மஞ்சள் வெயிலில் கோல் கம்பம் தெரிந்தது. கம்பத்துக்கு ஒருவராகச் சாய்ந்துகொண்டு தொம்மையும் கஸ்பாரும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்து எங்கே போவதென்று தெரியாதவர்களைப் போல.

"அவனுவ ரெண்டு பேரும் போகலியே சலேத்து."

"தெரியும். நாலு பேருக்குத்தான் ஒலை வெச்சுருக்கேன். கூப்புடுங்க."

மச்சாதுவின் கை பழக்கத்தில் விசிலுக்குப் போயிற்று. பிறகு அதை விட்டுவிட்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறும் வாயால், பேர் சொல்லிக் கூப்பிட்டார்.